ஆறாவது படம்

எல்பியோ சராலேகி எடுத்தவை ஒன்பது படங்கள்.
எட்டு என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

பைசாந்துவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
செவ்வாய் இரவுகளில்
படகுச் சங்கத்தின் பின்கூடத்தில்
துடுப்புகள் சாத்திய சுவரில் வெள்ளைத் துணி கட்டுவோம்.
பதினோரு பேர், ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு.
மாத்தே குடுவை சுற்றிச் சுற்றி
என் முறை வரும்போது
கெண்டியில் வெந்நீர் வெதுவெதுப்பாகியிருக்கும்.

மருந்துக்கடை கிரிசெல்தாவுக்கு
முதல் படத்தின் வசனம் முழுக்க மனப்பாடம்.
மொத்தமே நாற்பது வரிதானே என்பார் அவர் கணவர்.
நான் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவள்.
மூன்றாவது படத்தில் ஒருத்தி சீட்டு வாங்குகிறாள்,
சில்லறையை எண்ணுகிறாள், மறுபடி எண்ணுகிறாள்,
பிறகு தன் பேருந்து போவதைப் பார்த்தபடி நிற்கிறாள்.
அவ்வளவுதான். நான்கு நிமிடம்.
அதைப் பார்த்த நாளிலிருந்து
என் கூண்டின் முன் சில்லறை எண்ணும் எவரையும்
"சீக்கிரம்" என்று நான் சொன்னதில்லை.

ஏழாவது படத்துக்காக
ஆற்றின் மேல் மூடுபனி விலகட்டும் என்று
பத்தொன்பது நாள் காத்திருந்தாராம்.
விலகட்டும் என்றல்ல, வரட்டும் என்று, என்பார் நிவால்தோ.
இதனாலேயே அவரும் என் அண்ணனும்
ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறாவது மட்டும்
ஒரு கிளி, ஒரு துப்பறிவாளர், தொலைந்துபோன ஒரு நெக்லஸ்.
கடன்காரர்கள் கதவைத் தட்டிய வருடம் எடுத்தது என்பார்கள்.
கல்யாணத்துக்குக் குடித்துவிட்டு வந்த சித்தப்பாவைப் போல
அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.
வாஷிங்டன் பிரிட்டோஸ் மட்டும்
(எங்கள் பக்கம் இப்படியும் பெயர் வைப்பார்கள்)
ஆண்டுதோறும் கடைசி வரிசையிலிருந்து கை தூக்குவார்:
"அந்த ஆறாவது?"
நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

இந்த வருடம் அவர் கை தூக்கவில்லை.
ஏன் என்று கிரிசெல்தா கேட்டே விட்டார்.

"சிறையிலிருந்து வெளியே விட்ட நாள்.
ஊருக்குப் பேருந்து வர மூன்று மணி நேரம் இருந்தது.
எதிரே தியேட்டர். உள்ளே போனேன்.
கிளி 'கமிஷனர் ஐயா' என்று கத்தியதும்
அரங்கமே சிரித்தது.
கூட்டமாக ஆட்கள் சிரிக்கும் சத்தத்தை
ஆறு வருடமாக நான் கேட்டதில்லை.
படம் எப்படி என்று எனக்குத் தெரியாது.
நான் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
குலுங்கும் முதுகுகளை."

கணப்பு மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மறு செவ்வாய் போட்டோம்.
மோசமான படம்தான். சந்தேகமே வேண்டாம்.
நெக்லஸ் எங்கே என்பது
பத்தாவது நிமிடத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.
பிறகு திருடன் ஒரு சுவரைத் தாண்டுகிறான்,
துப்பறிவாளர் தாண்டுகிறார், கிளியும் பறக்கிறது.
கேமரா போகவில்லை.

அந்த வீட்டு முற்றத்திலேயே நின்றுவிடுகிறது.
முதல் தூறல்.
ஒரு பெண் கொடியிலிருந்து துணி எடுக்கிறாள்.
கடைசியில் சின்னஞ்சிறு காலுறை ஒன்று.
கன்னத்தில் வைத்து ஈரம் பார்க்கிறாள்.
யோசிக்கிறாள்.
வைத்த கையை எடுக்காமலே யோசிக்கிறாள்.
திருடன் அதே சுவரேறித் திரும்பி ஓடிவருகிறான்;
அவனைப் பாராமலே ஓரடி தள்ளி நின்று வழிவிடுகிறாள்.

"அட, இங்கேதான் இருக்கிறார்," என்றது ஒரு குரல்.
நிவால்தோ. இல்லை, என் அண்ணனாகவும் இருக்கலாம்.
இருட்டில் பதினோரு நாற்காலிகள்
ஒரு விரற்கடை முன்னே நகர்ந்த சத்தம்.

அப்போது கிளி கத்தியது.
அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டோம்.
கிரிசெல்தாவுக்கு இருமலே வந்துவிட்டது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினேன்:
வாஷிங்டன் திரையைப் பார்க்கவில்லை.

சங்கப் பதிவேட்டில் அன்றைய குறிப்பு,
கிரிசெல்தாவின் கையெழுத்தில்:
ஆறாவது. சுமாருக்கும் கீழே.
கணப்புக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.
அடுத்த செவ்வாய், மறுபடியும் இதே.